பவுண்டேஷன் ஆண்டு வழியாக விலங்கியல் பட்டம்



ஆகஸ்ட் மாத நடுப்பகுதியில் ஏ லெவல் பெறுபேறுகள் வெளியாகும் கிழமையில் எமது வீடுகள் பலவற்றில் ஏறக்குறைய ஒரே விதமான உரையாடல் நடைபெறுவதுண்டு. ஒரு பிள்ளையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். உயிரியலில் சி, உளவியலில் சி, இரசாயனவியலில் ஈ. "இன்னொருக்கா எடு பிள்ளை, ஒரு வருசம் தானே. டொக்டருக்கு அடுத்த முறை போடலாம்" என்பார் அம்மா. "நான் டொக்டருக்குப் படிக்கப் போறன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே அம்மா. எனக்கு சூவோலொஜிதான் விருப்பம். பவுண்டேஷன் இயரோட எடுக்கினம்" என்று பிள்ளை சொல்லும். "அதென்ன பவுண்டேஷன்? அரைப் பட்டமோ?" என்று அப்பா பத்திரிகையை மடித்துவைத்துவிட்டுக் கேட்பார்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளை சொன்ன சூவோலொஜி என்பது பெற்றோர் நினைக்கும் பாடந்தானா என்பதையும் கூடவே பார்க்க வேண்டியுள்ளது. இங்கே கூறப்படுபவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்தில் சிறப்புப் பட்டம் இயல்பாகவே நான்கு ஆண்டுகள். கட்டணமும் கடனும் வேறு விதம்.

இலங்கையில் படித்த எமது தலைமுறையினருக்கு விலங்கியல் என்பது உயர்தர வகுப்பின் நான்கு பாடங்களில் ஒன்று. தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நான்கையும் படித்தோம். பின்னர் வந்த பாடத்திட்ட மாற்றத்தில் முதல் இரண்டும் உயிரியல் என்ற ஒரே பாடமாயின. கரப்பானையும் தேரையையும் மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி வைத்து வெட்டியவர்கள் அந்த மணத்தை இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் விலங்கியலை விலங்கியலுக்காகவே படித்தவர் குறைவு. அது மருத்துவ பீடத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு படி. மருத்துவம் கிடைக்காதவர்கள் விஞ்ஞான பீடத்துக்குப் போய் அதையே தொடர்ந்தார்கள். எழுபதுகளில் வந்த தரப்படுத்தலினால் சில புள்ளிகளில் மருத்துவத்தை இழந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே விலங்கியல் என்ற சொல்லைக் கேட்டதும் "கிடைக்காமற் போனது" என்ற எண்ணமும் சேர்ந்தே வருகிறது. இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த எண்ணம் கிடையாது. அது தொலைக்காட்சியில் டேவிட் அட்டன்பரோவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு விடயங்களைப் பற்றி வாதாடுகிறார்கள் என்பதே உண்மை.

பவுண்டேஷன் என்ற பெயரில் நான்கு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பவுண்டேஷன் என்ற சொல்லைச் சுற்றி நான்கு வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன. ஒன்றை நினைத்து மற்றொன்றில் சேர்ந்துவிட்டால் ஒரு வருடமும் பணமும் வீணாகும்.

இக்கட்டுரை பேசுவது பட்டத்தோடு இணைந்த பவுண்டேஷன் ஆண்டைப் பற்றி. மூன்று வருட பி.எஸ்சி. பட்டத்துக்கு முன்னால் ஓர் ஆண்டைச் சேர்த்து, நான்கு வருடக் கற்கைநெறியாக ஒரே விண்ணப்பத்தில் எடுப்பது இது. சில இடங்களில் இதைப் பூச்சிய ஆண்டு என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டில் போதிய புள்ளி பெற்றால் மறுபடி விண்ணப்பிக்காமலே முதலாம் ஆண்டுக்குப் போகலாம். கடைசியில் கிடைக்கும் பட்டம் மூன்று வருடம் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சிறப்புப் பட்டம்தான். பவுண்டேஷன் ஆண்டுப் புள்ளிகள் பட்டத்தின் தரத்தைக் கணிக்கும்போது சேர்க்கப்படுவதில்லை. அப்பாவின் கேள்விக்கு விடை இதுதான்: அரைப் பட்டம் அல்ல, முழுப் பட்டமும் முன்னால் ஓராண்டும்.

பவுண்டேஷன் டிகிரி என்பது முற்றிலும் வேறு. அது வழக்கமாக இரண்டு வருடத்தில் முடியும் ஒரு தகைமை, முழுமையான பி.எஸ்சி.க்குக் கீழே நிற்பது. விலங்குப் பராமரிப்பு போன்ற துறைகளில் கல்லூரிகள் இதை நடத்துகின்றன. நல்ல படிப்புத்தான், ஆனால் இதை முடித்தவர் பட்டதாரியாவதற்கு மேலும் படிக்க வேண்டும். அப்பா பயந்த அரைப் பட்டம் ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

மூன்றாவது, வெளிநாட்டு மாணவருக்கான பவுண்டேஷன் படிப்பு. ஊரிலிருந்து மருமகனையோ பெறாமகளையோ இங்கு படிக்க அழைக்க எண்ணுவோர் கவனிக்க வேண்டியது இது. இலங்கை உயர்தரத்தில் நல்ல பெறுபேறு உள்ளவரை நேரடியாகவே முதலாம் ஆண்டுக்கு எடுக்கும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தில் தேவையற்ற ஓர் ஆண்டைப் படிப்பது பெருஞ்செலவு. முகவர் ஒருவர் "பவுண்டேஷன் கட்டாயம்" என்று சொன்னால், பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

நான்காவது, பெயர் வேறாயினும் பயன் அதுவே: 19 வயதுக்கு மேற்பட்டோருக்கான அக்செஸ் டிப்ளோமா. உள்ளூர்க் கல்லூரியில் பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிக்கலாம். மொத்தம் 60 அலகுகள். அவற்றில் 45 அலகுகளுக்குத் தரப் புள்ளி உண்டு. இதன் சிறப்பு, இந்தத் தகைமையைக் கொண்டு பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது. இதற்கெனப் பெறும் கடனும், பின்னர் பட்டப்படிப்பொன்றை முடித்தால், தள்ளுபடியாகிவிடும். சிறுவயதில் இடம்பெயர்ந்து பள்ளிப்படிப்புக் குழம்பியவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் படிக்க விரும்பும் தாய்மார் ஆகியோர் பட்டத்தோடு இணைந்த ஆண்டைவிட இதை முதலில் விசாரிப்பது நல்லது என்பது என் கருத்து.

தவளையும் ஒரு பிரபுக்கள் பள்ளி மாணவனும்

பவுண்டேஷன் என்ற பெயர் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இவ்வழியால் போனவர் ஒருவரின் கதையை இங்கு சொல்லத்தான் வேண்டும்.

ஜோன் கேர்டன் 1933 ஆம் ஆண்டு பிறந்தவர். ஈட்டன் கல்லூரியில் படித்தார். உயிரியலில் அந்த வருடத்து 250 மாணவர்களுள் கடைசி. 1949 ஆம் ஆண்டு அவருடைய ஆசிரியர் எழுதிய அறிக்கையில், இந்தப் பையன் விஞ்ஞானியாக வர நினைப்பது நகைப்புக்கிடமானது, அவனுக்கும் கற்பிப்பவருக்கும் நேர விரயம் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. அத்தோடு விஞ்ஞானம் நிறுத்தப்பட்டு, இலத்தீனும் கிரேக்கமும் படிக்க விடப்பட்டார். ஒக்ஸ்போர்ட்டுக்கு அந்த மொழிகளைப் படிப்பதற்கே விண்ணப்பித்தார். இடம் தருகிறோம், ஆனால் நீர் பரீட்சை எழுதிய பாடத்தைப் படிக்க வேண்டாம் என்று அங்கே சொன்னார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான். பெற்றோர் பணம் கட்ட, ஒரு தனி ஆசிரியரிடம் ஒரு வருடம் ஆரம்ப நிலை விஞ்ஞானம் படித்துவிட்டு விலங்கியலில் சேர்ந்தார்.

பின்பு அவர் செய்தது என்ன? ஒரு தவளைக் குடம்பியின் குடற்கலத்திலிருந்து கருவை எடுத்து, தன் கரு அழிக்கப்பட்ட ஒரு தவளை முட்டைக்குள் வைத்தார். முட்டை வளர்ந்தது. குடலாக மாறிவிட்ட கலத்திலும் ஒரு முழு விலங்கை உருவாக்கும் விபரம் அத்தனையும் அழியாமல் இருக்கிறது என்பது 1962 இல் வெளியான அந்த ஆய்வால் தெரியவந்தது. 1996 இல் எடின்பரோவுக்கு அருகே பிறந்த டொலி என்ற செம்மறியாடும், இன்று நடக்கும் மூலக்கல ஆராய்ச்சியும் அந்த வழியில் வந்தவை. 2012 இல் ஜப்பானியரான ஷின்யா யமனாக்காவுடன் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பள்ளி அறிக்கையைச் சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில் வைத்திருந்தார். 2025 ஒக்டோபரில் காலமானார்.

பவுண்டேஷன் எடுப்பவர் எல்லாம் நோபல் பரிசு வாங்குவார் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தவறவிட்ட அடிப்படையை ஒரு வருடத்தில் ஈடுசெய்ய முடியும் என்பதற்கு இது சான்று. அன்று அந்த வருடம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைத்தது. இன்று அதற்கு மாணவர் கடன் உண்டு. இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்கலாம்: கிடைத்தது மருத்துவத்துக்கான பரிசு; படித்தது விலங்கியல். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அடிப்படையான ஆய்வுக்காக 1960 இல் நோபல் பரிசு பெற்ற பீற்றர் மெடவாரும் விலங்கியலாளரே. பிரேசிலில் பிறந்த அவர் லண்டன் யூனிவேர்சிற்றி கொலிஜில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர்.

அந்த ஒரு வருடத்தில் என்ன நடக்கும்?

பவுண்டேஷன் ஆண்டில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போவார்கள் என்று நினைக்கும் பிள்ளைகள் ஏமாறுவார்கள். பெரும்பகுதி ஏ லெவல் நிலையிலுள்ள உயிரியலும் இரசாயனவியலும் கணிதமுமே. கலத்தின் அமைப்பு, புரதங்கள், பரம்பரையலகு, கரைசல்களின் செறிவைக் கணித்தல், வரைபு வரைதல், நுணுக்குக்காட்டியைப் பயன்படுத்துதல், ஆய்வுகூட அறிக்கை எழுதுதல் என்று போகும். சில பல்கலைக்கழகங்கள் உயிர் விஞ்ஞானம் முழுவதற்கும் ஒரே பவுண்டேஷன் ஆண்டை நடத்துகின்றன. ஆகவே உயிர் மருத்துவம் படிக்கப்போகும் பிள்ளையும் விலங்கியல் பிள்ளையும் ஒரே விரிவுரையில் இருப்பார்கள். இந்த ஆண்டு பல்கலைக்கழகத்திலேயே நடக்காமல் ஒரு கல்லூரியில் நடப்பதும் உண்டு. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் உயிர் விஞ்ஞானப் பவுண்டேஷன் ஆண்டு சென் ஹெலன்ஸ் நகரிலுள்ள கார்மெல் கல்லூரியில் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. விடுதியை எங்கே எடுப்பது என்பதை இது தீர்மானிக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

அதன்பின் வரும் மூன்று ஆண்டுகளில்தான் விலங்கியலின் முழு உருவம் தெரியும். முள்ளந்தண்டற்ற விலங்குகளின் வகைகள், கூர்ப்பு, உடற்றொழிலியல், விலங்கு நடத்தை, சூழலியல், இறுதியில் சொந்த ஆய்வு. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியத்தை எங்கள் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் கேள்விப்பட்டிருப்பார்கள். உயிர்களை எதைக்கொண்டு வகுப்பது என்ற அதே கேள்வியைத்தான் முதலாம் ஆண்டு விரிவுரையாளரும் கேட்பார்; இன்றைய விடை புலனில் அல்ல, பொது மூதாதையில் இருக்கிறது. திமிங்கிலத்துக்கு மீனைவிட நீர்யானை நெருங்கிய உறவு என்பது அப்படி வந்த முடிவு.

பிள்ளைகள் எதிர்பாராதது புள்ளிவிபரவியல். ஒரு காட்டில் எத்தனை வௌவால் இருக்கிறது என்பதை எல்லாவற்றையும் எண்ணி அறிய முடியாது; மாதிரி எடுத்து மதிப்பிட வேண்டும். அதற்கு ஆர் என்னும் கணினி மொழியைப் பல இடங்களில் கற்பிக்கிறார்கள். கணிதத்துக்குப் பயந்து விலங்கியலுக்கு ஓடிவரும் பிள்ளைக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

சைவ உணவுக் குடும்பங்கள் பலவற்றில் இன்னொரு கேள்வி எழுவதுண்டு: வெட்ட வேண்டுமா? சில பாடங்களில் இறந்த விலங்குகளை வெட்டிப் பார்க்கும் செய்முறை இருக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. மனச்சாட்சி காரணமாக மறுக்கும் மாணவருக்கு மாற்று ஏற்பாடு உண்டா என்பதைத் திறந்த நாளில் விரிவுரையாளரிடம் நேரே கேட்கலாம். இதைக் கேட்பது இங்கே வழக்கத்துக்கு மாறானதல்ல. உயிருள்ள முள்ளந்தண்டுள்ள விலங்குகளில் செய்யப்படும் பரிசோதனைகள் 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றே செய்யப்பட வேண்டும். முள்ளந்தண்டற்றவற்றில் கணவாயும் சாக்குக்கணவாயும் அவற்றின் இனத்தவையும் மட்டும் இச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றுக்கு நோவு தெரியும் என்று கண்டுகொண்டதே காரணம். வெளிக்களப் பயிற்சிக்குப் போய்ப் பல நாட்கள் தங்கும்போது மரக்கறி உணவு கிடைப்பது இப்போது பெரும் பிரச்சினையல்ல. பிரச்சினை செலவு: கட்டாயப் பயிற்சிக்கான செலவு கட்டணத்துக்குள் அடங்குகிறதா, வெளிநாட்டுப் பயிற்சிக்கு மேலதிகமாக எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

ஏ லெவலில் விஞ்ஞானம் எடுக்காமல் வரலாறும் ஆங்கிலமும் எடுத்துவிட்டுப் பின்பு மனம் மாறிய பிள்ளைக்கு இது மிகவும் பொருந்தும். சுகவீனத்தாலோ வீட்டில் ஏற்பட்ட இழப்பாலோ பரீட்சை குழம்பியவருக்கும், பதினைந்து பதினாறு வயதில் இந்நாட்டுக்கு வந்து மொழியோடு போராடியவருக்கும் பொருந்தும்.

ஆனால் முதலில் பார்க்கவேண்டியது, பவுண்டேஷன் தேவைதானா என்பதை. யூகாஸ் கணக்கில் ஏ லெவல் பி தரத்துக்கு 40 புள்ளி, சி தரத்துக்கு 32, டி தரத்துக்கு 24, ஈ தரத்துக்கு 16. நாம் உதாரணத்துக்கு எடுத்த பிள்ளையிடம் 80 புள்ளி இருக்கிறது. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் விலங்கியலுக்கு அது போதாது. ஆனால் ஜூலையிலிருந்து நடைபெறும் கிளியறிங் முறையில், இன்னும் சற்றுக் கூடுதலாக உள்ளவரை நேரடியாக முதலாம் ஆண்டுக்கே எடுக்கும் இடங்கள் கிடைக்கக்கூடும். பெறுபேறு வந்த அன்று காலையில், பிள்ளையே தொலைபேசியில் பேசி, முதலாம் ஆண்டு இடத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். பவுண்டேஷன் இடம் இரண்டாவது கேள்வி. பெற்றோர் பேசினால் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்பார்கள். ஜி.சி.எஸ்.ஈ. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் 4 ஆம் தரமாவது இல்லையென்றால் பவுண்டேஷனுக்கும் தடை வரலாம்.

மருத்துவத்துக்குப் பின்கதவாக இதை நினைப்பவருக்கு இது பொருந்தாது. இதை ஒளிக்காமல் சொல்வது நல்லது. விலங்கியல் முடித்தபின் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை; அதற்குப் போட்டி மிகக் கடுமை என்பதும் உண்மை. விருப்பமில்லாத பாடத்தை நான்கு வருடம் படித்து, அதில் உயர்ந்த தரமும் எடுத்து, பின்பு மறுபடி வரிசையில் நிற்பது எத்தனை பேரால் முடியும்? மருத்துவமே வேண்டும் என்று பிள்ளை உண்மையாக விரும்பினால், சில மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் நுழைவாண்டுப் படிப்பைப் பற்றி விசாரியுங்கள். அதற்குக் குடும்ப வருமானம், படித்த பள்ளி போன்ற நிபந்தனைகள் உண்டு. அதுபோலவே விலங்கியல் பட்டதாரி மிருக வைத்தியர் ஆகிவிடமாட்டார். அதற்குத் தனிப்பட்ட பட்டம் வேண்டும். லண்டனிலுள்ள றோயல் வெற்றினரி கொலிஜ் அதற்கான நுழைவாண்டுப் படிப்பொன்றை நடத்தியிருக்கிறது.

மற்றொரு எச்சரிக்கை. பவுண்டேஷன் ஆண்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஏற்பாடு. அதை முடித்துக்கொண்டு வேறொரு பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டுக்குத் தாவ நினைத்தால், அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்ற நிச்சயம் இல்லை. ஆகவே நான்கு வருடமும் இருக்க விருப்பமான இடத்தையே தெரிவுசெய்ய வேண்டும். அடுத்த ஆண்டுக்குப் போக எத்தனை புள்ளி வேண்டும் என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடும். 40 புள்ளியில் சித்தி என்று ஓரிடத்தில் இருக்கும். அதைவிடக் கூடக் கேட்கும் இடமும் உண்டு. சென்ற முறை பவுண்டேஷனில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முதலாம் ஆண்டுக்குப் போனார்கள் என்று திறந்த நாளில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தைப் பற்றி நானாயின் இரண்டு முறை யோசிப்பேன்.

பணக் கணக்கு

2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் பட்டப்படிப்புக் கட்டணத்தின் உச்ச வரம்பு 9,535 பவுண். அதே ஆண்டிலிருந்து வகுப்பறைப் படிப்புகளான வணிகம், சமூகவியல் போன்றவற்றின் பவுண்டேஷன் ஆண்டுக்கு வரம்பு 5,760 பவுணாகக் குறைக்கப்பட்டது. ஆய்வுகூடம் தேவைப்படும் விஞ்ஞானத்துக்கு அந்தக் குறைப்பு இல்லை. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கின்படி நான்கு வருடத்துக்கு 38,140 பவுண். மூன்று வருடத்துக்கு 28,605. வித்தியாசம் ஓராண்டுக் கட்டணமும் ஓராண்டு வாழ்க்கைச் செலவும்.

பட்டத்தோடு இணைந்த ஆண்டாக இருந்தால் அதற்கும் கட்டணக் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் பெறலாம். தனித்து நிற்கும் பவுண்டேஷன் படிப்பென்றால் பெரும்பாலும் இக்கடன் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே விண்ணப்பிக்கு முன்பு கற்கைநெறியின் விபரத்தை ஆறுதலாக வாசிக்க வேண்டும். 2027 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு இங்கிலாந்தின் மாணவர் கடன் முறை மாற்றியமைக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்திருப்பதால், அதற்குப்பின் சேர்வோர் புதிய விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

கடன் என்றதும் எமது மக்கள் சீட்டுக் கடனையும் வீட்டுக் கடனையும் போல நினைத்து அஞ்சுகிறார்கள். இது அப்படியல்ல. 2023 ஆகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு உள்ள முறையில், வருடச் சம்பளம் 25,000 பவுணுக்கு மேற்பட்டால் அந்த மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு 9 பிடிக்கப்படும். 31,000 பவுண் சம்பளம் எடுக்கும் பிள்ளை வருடத்துக்கு 540, மாதத்துக்கு 45 பவுண் கட்டும். மூன்று வருடம் படித்தாலும் நான்கு வருடம் படித்தாலும் அந்த மாதத் தொகை ஒன்றே. கட்டி முடிக்கும் காலந்தான் நீளும். 40 வருடத்தின் பின் மிகுதி தள்ளுபடி. வட்டி உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. இதற்காக வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டணத்தை முற்கூட்டியே கட்டுவது தேவையற்றது.

இக்கடனும் உள்நாட்டுக் கட்டணமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. குடிவரவு நிலை முக்கியம். நிரந்தர வதிவிட அனுமதியும் மூன்று வருட வதிவிடமும் உள்ளவர், அகதி அந்தஸ்துப் பெற்றவர் ஆகியோருக்குக் கிடைக்கும். தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பொதுவாகக் கிடையாது. அப்படியான பிள்ளைகளுக்கெனச் சில பல்கலைக்கழகங்களில் தனியான புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. வெட்கப்பட்டுக்கொண்டு கேளாமல் விடாதீர்கள்.

முடித்தபின் வேலை?

வீட்டுக் கூரைக்குள் அறை கட்ட விண்ணப்பித்தவர்கள் எம்மிடையே பலர். அதில் சிலருக்கு நகரசபையிலிருந்து, வௌவால் இருக்கிறதா என்று பரிசோதித்து அறிக்கை தாருங்கள் என்று கடிதம் வந்திருக்கும். பிரித்தானியாவில் 18 வகை வௌவால்கள் உள்ளன. எல்லாமே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஏணியோடும் ஒலிமானியோடும் மாலையில் வந்து கூரையைப் பார்த்துவிட்டு, பணமும் வாங்கிக்கொண்டு போனவர் சூழலியல் ஆலோசகர். அவர் விலங்கியலோ அதுபோன்ற பாடமோ படித்தவராயிருப்பார். 2024 பெப்ரவரி முதல் இங்கிலாந்தில் பெரிய கட்டுமானங்கள், ஏப்ரல் முதல் சிறியவையும், சில விலக்குகள் நீங்கலாக, அந்நிலத்தின் உயிர்ப்பல்வகைமையை நூற்றுக்கு 10 கூட்டித் தரவேண்டும் என்பது சட்டமாகியிருக்கிறது. அதை அளந்து எழுத ஆள் வேண்டும். நீர் நிறுவனங்கள், புகையிரதப் பாதை அமைப்போர், வீடு கட்டும் நிறுவனங்கள் ஆகியோருக்கும் இத்தகைய ஆட்கள் தேவை.

மிருகக்காட்சிச்சாலை வேலைக்கும் வனவிலங்குப் பாதுகாப்பு நிறுவனங்களின் வேலைக்கும் போட்டி அதிகம், ஆரம்பச் சம்பளம் குறைவு. ஆசிரியத் தொழில், நூதனசாலை, மீன்வளம், ஆய்வுகூட வேலை, விஞ்ஞானப் பத்திரிகை என்பனவும் உண்டு. புள்ளிவிபரமும் ஆர் மொழியும் நன்றாகத் தெரிந்தவர் விலங்குகளோடு சம்பந்தமில்லாத அலுவலகத்திலும் இடம் பெறுவார். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் உயிர் மருத்துவ விஞ்ஞானியாக வர விலங்கியல் பட்டம் மட்டும் போதாது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட உயிர் மருத்துவப் பட்டம் வேண்டும், அல்லது மேலதிக பாடங்கள் எடுக்க வேண்டும். அதுவே நோக்கமென்றால் பவுண்டேஷன் ஆண்டிலேயே பாடத்தை மாற்ற இடமுண்டா என்று கேளுங்கள்.

விண்ணப்பம் யூகாஸ் மூலமாகவே. ஐந்து தெரிவுகள் தரலாம். ஐந்தையும் பவுண்டேஷனாகப் போடாமல், நேரடி அனுமதியும் பவுண்டேஷனும் கலந்து போடுவது புத்திசாலித்தனம். பவுண்டேஷனோடு கூடிய நான்கு வருடப் படிப்புக்குக் குறியீட்டு எண் வேறு. மூன்று வருடப் படிப்பின் எண்ணை மாறிப் போட்டுவிட வேண்டாம். பிரதான முடிவுத் திகதி ஜனவரியில் வரும். 2026 அனுமதியிலிருந்து, பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் கூற்று ஒரே கட்டுரையாக அல்லாமல் மூன்று கேள்விகளுக்கு விடையாக எழுதப்பட வேண்டும்: ஏன் இந்தப் பாடம், படித்த படிப்பு எப்படி ஆயத்தப்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்பவை அவை.

அந்த மூன்றாம் கேள்விக்கு ரியூசன் வகுப்புகளின் பட்டியல் விடையாகாது. யூனிவேர்சிற்றி கொலிஜின் கிராண்ட் விலங்கியல் நூதனசாலை 1828 இல் தொடங்கியது, அனுமதி இலவசம். முற்றாக அழிந்துபோன குவாகா என்ற வரிக்குதிரை இனத்தின் எலும்புக்கூடு அங்கே நிற்கிறது. தென் கென்சிங்டனில் 1881 முதல் இருக்கும் இயற்கை வரலாற்று நூதனசாலையும் இலவசமே. பார்ன்ஸ் ஈரநிலப் பூங்காவில் குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துகளை எண்ணிப் பழகலாம். அதற்குக் கட்டணம் உண்டு. பாடசாலை விடுமுறையில் பிள்ளையோடு ஒருநாள் போய்வாருங்கள். குறிப்புப் புத்தகம் ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போகலாம். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வரும்போது அது இன்னும் அதே கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தால், விண்ணப்பப்படிவத்தை எடுத்து வைத்துப் பேசலாம்.